இன்லே ஏரியில் படகேறும் முன்

ஊரிலிருந்து வந்த உறவினர்களை மியான்மரின் யாங்கோனிலிருந்து இன்லே ஏரிக்கு அழைத்துப் போகிறீர்களா? நியாங்ஷ்வே படகுத்துறையில் ஒவ்வொருவராக, படகின் நடுவில் கால் வைத்து ஏறி உடனே உட்காரச் சொல்லுங்கள். ஒடுங்கிய நீளப் படகு, ஒருவர் எழுந்து நின்றாலே ஆடும். விடியற்காலை என்றால் போர்வையும் வேண்டும்.

ஒற்றைக் காலால் துடுப்பு வலிக்கும் இந்தா இன மீனவர்களில், கூம்பு வடிவ மீன்கூடையைப் படத்துக்காகத் தூக்கிக் காட்டி நிற்பவர் காசு எதிர்பார்ப்பார். மியான்மர் பணமான கியாட்டைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே வலை போட்டிருப்பவர் அருகில் போனால் மோட்டாரைக் குறைக்கச் சொல்லுங்கள், பாவம், அலையில் அவர் வேலை கெடும். மிதக்கும் தோட்டத்துத் தக்காளியில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், பவுங்தோ ஊ கோயிலில் செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும். புத்தர் சிலைகள் இருக்கும் மேடையில் பெண்கள் ஏறக்கூடாது. இதை அத்தை, சித்திகளிடம் படகிலேயே சொல்லிவிடுங்கள்.