உள்ளரங்கக் களிமண் தடத்தில் ஈரம் காப்பது எப்படி?

ரிமோட் கார் ஓடும் களிமண் தடத்துக்கு ஈரம்தான் உயிர். சிங்கப்பூரில் வெளியே எவ்வளவு புழுக்கம் இருந்தாலும், ஏர்கான் ஓடும் அரங்கில் மண் சீக்கிரம் காய்ந்துவிடும்.

பந்தயத்துக்கு முந்தின இரவே தண்ணீர் தெளியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மேல்தோல் மட்டும் சேறாகி, காய்ந்ததும் அப்பளம்போல் பெயர்ந்து வரும். மெல்லிய தூவலாக 3, 4 முறை போதும். பளபளப்பு மறைந்த பிறகே அடுத்த தூவல். பிறகு ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும். கையில் ஒட்டினால், மண்ணை அழுத்திச் சமன்செய்யும் உருளையை (ரோலர்) இறக்கவே கூடாது. மண்ணைத் தோலோடு உரித்துவிடும்.

குழி விழுந்தால் தளர்ந்த விளிம்பை வெட்டி, நனைத்து, அதே மண்ணை இடித்து நிரப்புங்கள். கால்சியம் குளோரைடு என்ற உப்பைத் தடத்தில் சேர்த்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும்தான். ஆனால் காரின் பேரிங், திருகெல்லாம் துருப்பிடிக்கும். வெறும் தண்ணீரே மேல்.