மீட்டிங் நாளிலும் கோ-கோ பயிற்சி: என் அனுபவம்

அரசுப் பள்ளியில் நான் பி.இ.டி., அதாவது உடற்கல்வி ஆசிரியர். அக்கம்பக்கப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி நெருங்கும் நேரம் பார்த்துத்தான் மாலை மீட்டிங்கும் அடிக்கடி வரும். எல்லா ஆசிரியரும் கட்டாயம் இருக்க வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்தால் டீம் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடும்.

பயிற்சியைக் காலையில் வைத்துப் பார்த்தேன். பாதிப் பேருக்கு முதல் பஸ்ஸே பெல் அடிக்கும் நேரத்துக்குத்தான் வருகிறது. கேப்டனிடம் ஒப்படைத்தேன், கம்பத்தைப் பிடித்து டைவ் அடித்த ஒருத்திக்கு முட்டி சிராய்த்ததும் அதற்கும் தடை. விலக்கு கேட்டால் ஸ்டாஃப் ரூமில் முணுமுணுப்பு.

கூட்டப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. தீர்மானமெல்லாம் எழுதி முடித்து, அதற்குக் கீழேதான் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கையெழுத்துக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருக்கிறோம். என் தலையில் விழும் பிரேயர், ஒழுங்கு விஷயங்களும் எப்போதும் கடைசிப் பொருள்தான். அவற்றை முதலில் எடுத்து, வருகைக் கையெழுத்தையும் மேலேயே வாங்கிவிடலாமா என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன். சரி என்றார். என் பொருள் முடிந்ததும் மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறேன், மீதித் தீர்மானங்களை மறுநாள் காலை படித்து இனிஷியல் போடுகிறேன்.

டீமுக்குச் சொல்லி வைத்திருப்பது இதுதான்: நான் வரும்வரை யாரும் ஓடக் கூடாது. சுண்ணாம்புக் கோடு போட்டு, துரத்தும் அணி உட்காரும் எட்டுக் கட்டத்தையும் அளந்து வைக்க வேண்டும். அடிபட வழியில்லாத வேலை, எப்படியும் செய்தாக வேண்டியது. அப்பாடா, இப்போது பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு டர்ன் (ஓர் அணி துரத்தும் சுற்று) ஓடிவிடுகிறது.