தீம் பார்க் பயணம்: வன்னியிலிருந்து போகிற குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓகஸ்ட் லீவு நெருங்கும்போதுதான் எங்கள் வீடுகளில் இந்தக் கதை தொடங்கும். பாரிசில் இருக்கிற சித்தியின் பிள்ளைகள் டிஸ்னிலாண்டில் நின்று எடுத்த படம் போனில் வரும், அல்லது வகுப்பில் ஒரு பிள்ளை கொழும்புப் பக்கத்து லெஷர் வேர்ல்ட் தீம் பார்க்குக்குப் போய்வந்த கதையைச் சொல்லியிருக்கும், இரவு சாப்பாட்டுக்கு இருக்கும்போது சின்னவன் கேட்பான்: "அப்பா, நாங்கள் எப்ப போறது?" அந்த முகத்தைப் பார்த்ததும் கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் "வாற மாசம் போவம்" என்று சொல்லிவிடுகிறோம். முதல் பிழை அங்கேதான்.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதும் எனக்கு விளங்கும். எங்கள் வயதுக்காரருக்குச் சின்ன வயதில் ராட்டினம் என்றால் கோயில் திருவிழாவில் வந்தால் உண்டு, அதுவும் இடம்பெயராத ஆண்டாக இருந்தால். நாங்கள் அனுபவிக்காததை எங்கள் பிள்ளைகளாவது அனுபவிக்கட்டும் என்ற ஆசை இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு காசு எண்ண இருந்தால் எல்லாச் செலவுக்கும் "பரவாயில்லை" என்றுதான் வாயில் வரும். மூன்று வருடத்துக்கு முன் நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் போனோம். மனைவியின் இரண்டு காப்பு அடைவுக்குப் போனது, மீட்க பதினொரு மாதம் எடுத்தது. பிள்ளைகள் அந்த நாளை இன்றைக்கும் சொல்லிச் சந்தோசப்படுவார்கள், காப்பில்லாத கையோடு மனைவி இரண்டு கலியாண வீட்டுக்குப் போனது எனக்குத்தான் நினைவில் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் விடுகிற பிழை, நுழைவுச் சீட்டின் விலையைப் பார்த்துவிட்டு அதை ஐந்தால் பெருக்கி, இவ்வளவுதானே என்று நினைப்பது. கொழும்பில் இருப்பவருக்கு அந்தக் கணக்குச் சரிவரலாம். எங்களுக்கு அப்படியில்லை, எங்களுக்குச் செலவில் பெரும்பங்கு வழிதான். லெஷர் வேர்ல்ட் இருப்பது ஹங்வெல்லப் பக்கம், பேர்ள் பே என்ற நீர் விளையாட்டுப் பார்க் இருப்பது பண்டாரகமையில், இரண்டும் கொழும்புக்கு அந்தப் பக்கம். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கே ஏறத்தாழ 330 கிலோமீற்றர். போக வர 660, அதற்குமேல் கொழும்பிலிருந்து ஹங்வெல்லைக்குப் போய்வர ஒரு 70 என்று வையுங்கள், 730 கிலோமீற்றர் ஆகிவிடுகிறது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிற வான் என்றால் 73 லீற்றர் டீசல். அன்றைய விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதோடு வான் வாடகை, றைவருக்கு மூன்று நேரச் சாப்பாடு, அவர் இரவு தங்குகிற செலவு, வழியில் நிறுத்துகிற ஒவ்வொரு கடையிலும் ஆளுக்கு ஒரு தேத்தண்ணீர், ஒரு சோடா. நாங்கள் போனபோது நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்ததைவிட வழிக்குக் கொடுத்தது இரண்டு மடங்குக்கு மேல்.

ஐந்து பேர் மட்டும் என்றால் வான் பிடிக்காதீர்கள். 2013 செப்டம்பரில் கிளிநொச்சிவரை ரயில் திரும்பி வந்ததே எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி, அதைப் பாவியுங்கள். முன்பதிவு திறக்கிற நாளிலேயே ஆசனம் எடுத்துவிட வேண்டும், லீவுக் காலத்தில் கடைசிக் கிழமையில் போய்க் கேட்டால் கிடைக்காது, அப்புறம் வேறு வழியில்லாமல் வானுக்குத்தான் போவீர்கள். போகிற கிழமை ரயில் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் ஒருதரம் கேட்டும் வையுங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து பத்துப் பேர் என்றால் வான் கட்டுபடியாகும். ஆனால் எத்தனை கிலோமீற்றர், மேலதிகமாக ஓடினால் எவ்வளவு, றைவர் தங்குவது யார் செலவு, இதையெல்லாம் ஏற முதலே பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சொந்தக்காரரின் வான் என்றாலும் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அறை வாடகையை மிச்சம் பிடிக்க என்று இரவோடு இரவாக ஓடிப்போய், பகல் முழுக்கப் பார்க்கில் நின்றுவிட்டு, அன்றிரவே திரும்பி ஏ9 பெருந்தெரு வழியாக வருகிற வேலை வேண்டாம். றைவரும் மனிதர்தான். இரண்டாவது இரவு அவருக்குக் கண் சொருகும். அந்த ஒரு இரவு அறைக் காசு இல்லை என்றால் பயணத்தை நான்கு மாதம் தள்ளிப் போடுங்கள்.

வெள்ளவத்தையில் மாமி வீடு இருக்கிறது, தங்கச் செலவில்லை என்று நினைப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெறுங்கையோடு போக மாட்டோம்தானே. நல்லெண்ணெய், பனங்கட்டி, கருவாடு, மோர்மிளகாய் என்று ஒரு பெட்டி கட்டுவோம், அங்கே சின்னப் பிள்ளை இருந்தால் உடுப்பு எடுப்போம், மாமி இரண்டு நாள் ஐந்து பேருக்குச் சமைப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு நாளாவது மீனோ கோழியோ வாங்கிக் கொடுக்காமல் இருக்க மனம் வராது. இது செய்ய வேண்டியதுதான், ஆனால் இதுவும் செலவு. கொப்பியில் ஒரு வரி இதற்கும் போடுங்கள்.

சரி, பார்க்குக்கு உள்ளே போனபிறகு நடப்பதற்கு வருவோம். நீர் விளையாட்டு இருக்கிற இடங்களில் பெரும்பாலும் பருத்தி உடுப்போடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலோன் மாதிரியான நீச்சல் உடுப்புத்தான் வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும் அல்லது வாங்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. மனைவி சுடிதாரோடு வந்தாள், நான் சாரமும் துவாயும் கொண்டுபோனேன், வாசலிலேயே ஐந்து பேருக்கும் உடுப்பு எடுக்க நேர்ந்தது. அதே உடுப்பைக் கிளிநொச்சிச் சந்தையில் ஆறுதலாகத் தேடி வாங்கியிருந்தால் பாதிக் காசும் போயிருக்காது. பை வைக்கிற பெட்டிக்கு வாடகை, சாவிக்கு முற்பணம். வெளிச்சாப்பாடு பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், விடிய மூன்று மணிக்கு எழும்பிக் கட்டின கட்டுச்சோறு வாசலில் நின்றுவிடும். அதற்காகக் கட்டாமல் போகவும் வேண்டாம். போகிற வழிச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், உள்ளே போவதற்கு முன் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், உள்ளே ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மட்டும் காசு ஒதுக்குங்கள். மகனைத் தண்ணீர்ப் போத்தலோடு விடுவார்களா என்றுகூட முதலே போன் எடுத்துக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

உயரத்தையும் பாருங்கள். சீட்டு எடுக்கும்போது பல பார்க்குகளில் பிள்ளையின் வயதைவிட உயரத்தைத்தான் அளப்பார்கள். வயது குறைவாக இருந்தாலும் நெடிய பிள்ளைக்குப் பெரியவருக்கான சீட்டு எடுக்க நேரும். பெரிய ரைட்டுகளிலும் இவ்வளவு உயரம் இருந்தால்தான் ஏறலாம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். எங்கள் நடுவிலாள் ஒரு வருடமாகக் கனவு கண்ட ரைட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுத அழுகையில் சமாதானப்படுத்த என்று வாங்கின விளையாட்டுச் சாமானும் ஐஸ்கிறீமும் கணக்கிலேயே இல்லாத செலவு. வீட்டுச் சுவரில் கோடு கீறி அளந்துவிட்டுப் போங்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் மூன்று பிள்ளைகளும் ஏறலாம் என்றால் அந்த ஒரு வருடம் பொறுப்பது நல்லது, காசும் சேரும்.

மழையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மே முதல் செப்டம்பர்வரை எங்கள் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆனால் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொழும்பு, அவிசாவளைப் பக்கம் பெய்யும். நல்ல வெயில்தானே என்று இங்கிருந்து புறப்பட்டுப் போய் அங்கே மழையில் நனைந்துகொண்டு நிற்பீர்கள், இடி மின்னல் என்றால் ரைட்டுகளை நிறுத்திவிடுவார்கள், கொடுத்த காசைத் திருப்பித் தருவார்களா என்பது அந்தந்த இடத்துச் சட்டம், அதையும் முதலே கேட்டுவிடுங்கள். ஏப்ரல் லீவில் போனாலும் பின்னேரத்தில் இடிமழை வரக்கூடிய காலம், ஆகவே காலையில் கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள், பெரிய ரைட்டுகளை மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள். சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் கால் வைக்க இடம் இருக்காது. சனி, ஞாயிறையும் விட்டு வார நாளில் போனால் வரிசை குறையும், அதே காசுக்குக் கூடுதலாக ஏறலாம்.

இனிச் சேமிப்பு. மாதம் இவ்வளவு ஒதுக்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. மொத்தச் செலவு 120,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் பத்து மாதத்துக்கு 12,000 படி எடுத்து வைக்கலாம். ஆனால் வயல் செய்கிறவருக்கு ஒவ்வொரு மாதமும் காசு வராது. காலபோகம் வெட்டி மாசி, பங்குனியில்தான் கையில் பணம் நிற்கும், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யக் கிடைத்தால் ஆவணியில் இன்னும் ஒருதரம். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவருக்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் ஒன்றுமே இல்லை. இந்த வீடுகளில் மாதக் கணக்குப் போட்டு மூன்றாம் மாதமே தவறவிட்டு, "எங்களுக்குச் சேமிப்பு சரிவராது" என்று கைவிடுவதைக் கண்டிருக்கிறேன். பிழை அவர்களிலில்லை, கணக்கில். நெல் விற்ற கிழமையிலேயே, உரக் கடைக் கடனும் வெட்டுக் கூலியும் கொடுத்த கையோடு, 80,000 ரூபாயை எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். மிச்சம் 40,000 ரூபாய்க்குப் பால் காசிலோ தோட்டக் காசிலோ கிழமைக்கு 1,000 படி நாற்பது கிழமை. தனிக் கணக்கு என்றால் உண்மையாகவே வேறு புத்தகம், கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ வேறு வங்கியிலோ, ஏரிஎம் அட்டை எடுக்காமல். அட்டை இருந்தால் அந்தக் காசு மருந்து அடிக்கிற மாதத்தில் காணாமல் போய்விடும்.

இரண்டு மூன்று வருடம் சேர்த்துப் பெரிதாகப் போவோம் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2022 செப்டம்பரில் நாட்டில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முதல் இரண்டு வருடம் உண்டியலில் போட்டு வைத்தவரின் காசு அந்த ஆண்டில் கண்ணுக்கு முன்னால் கரைந்தது. ஒரு வருடத்துக்குள் முடிகிற மாதிரிப் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருதரம் நுழைவுச் சீட்டு விலையும் பயணச் செலவும் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக் கணக்கைத் திருத்துங்கள். ஊரில் சீட்டுப் பிடிப்பவரிடம் காசு கட்டிச் சேர்க்கிறவர்கள், அவர் நம்பிக்கையான ஆளா என்பதோடு, உங்கள் முறை லீவுக்கு முன் வருமா என்றும் பாருங்கள். அவசரத்தில் கழிவு விட்டு எடுத்தால் அந்தக் கழிவும் பயணச் செலவுதான்.

கடன் எடுத்துப் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. கம்பனிகளின் பேர் வேண்டாம், வீட்டுக்கே வந்து தந்து கிழமைக்குக் கிழமை அறவிடுகிற கிழமைக்கடன் எங்கள் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுபோனது என்பதை இங்கே எல்லா ஊரும் கண்டிருக்கிறது. ஒரு நாள் சந்தோசத்துக்கு ஐம்பது கிழமை கட்டக்கூடாது. நகை அடைவும் அப்படித்தான், அது ஆஸ்பத்திரிக்கும் விதைப்புக்கும் இருக்கட்டும்.

வெளிநாட்டுச் சொந்தங்களை நம்பியிருப்பது இன்னொன்று. "மாமா வந்தால் கூட்டிக்கொண்டு போவார்தானே" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறோம். மாமாவுக்கு லண்டனில் வீட்டுக் கடன் இருக்கும், அவர் வருவது மூன்று கிழமை, அதில் கோயில் நேர்த்தி, காணி உறுதி அலுவல், ஒரு சாமத்திய வீடு. அவர் கூட்டிப் போனால் நல்லது, போகாவிட்டால் பிள்ளைக்கு அவர் கெட்டவராகத் தெரிவார். போவது என்று முடிவானாலும் யார் எதற்குக் கொடுப்பது என்று முதலே கதையுங்கள். அவர்கள் தங்குகிற ஹோட்டலில் உங்களுக்கும் அறை எடுத்துவிட்டு, பாதியைத் தரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? "அண்ணை, நாங்கள் இவ்வளவுதான் சேர்த்திருக்கிறம்" என்று சொன்னால் ஒரு அண்ணனும் கோவிக்க மாட்டார்.

சென்னைக்குப் போனால் மலிவு என்று ஒரு கதையும் உலாவுகிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, பலாலியிலிருந்து விமானமும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஐந்து பேருக்குப் பாஸ்போட், விசா, நாகப்பட்டினத்தில் இறங்கினால் சென்னைக்கு இன்னும் 300 கிலோமீற்றர் அளவில். கோயில் யாத்திரையோடோ வைத்தியத்தோடோ சேர்த்துப் போனால் சரி, பார்க்குக்காக மட்டும் வேண்டாம்.

முதற்தரம் போகிற குடும்பம் என்றால் பக்கத்திலேயே ஒரு நாள் பழகிப் பாருங்கள். இயக்கச்சியில் பிள்ளைகள் விளையாடவும் இடமுள்ள ரீச்சா பண்ணை இருக்கிறது, காலையில் போய் இரவு வீட்டில் படுக்கலாம். சின்னவன் எத்தனை மணிக்குக் களைக்கிறான், யாருக்கு வாகனத்தில் சத்தி வரும், நீங்கள் "போதும்" என்று சொல்லக்கூடிய ஆளா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பிள்ளைகளையும் கணக்குக்குள் எடுங்கள். நாங்கள் அடுத்த பயணத்துக்கு ஒரு கொப்பி போட்டு மூத்தவளிடம் கொடுத்திருக்கிறோம், கிழமைக்கு எவ்வளவு வைத்தோம் என்று அவள்தான் எழுதுகிறாள், உள்ளே செலவழிக்க ஆளுக்கு இவ்வளவு என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். சின்னவன் இப்போது கடையில் சொக்லேட் கேட்பதுகூடக் குறைந்துவிட்டது.

திரும்பி வருகிற நாளுக்கு ஒரு கடித உறையில் தனியாகக் காசு வைத்து, அதை ஒட்டி மனைவியின் கைப்பையில் வையுங்கள். ரயில் கிளிநொச்சிக்கு வரும்போது இரவாகலாம், விசுவமடுவுக்கோ தருமபுரத்துக்கோ பஸ் இருக்காது, நித்திரைப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடிக்கத்தான் வேண்டும். மறுநாள் காலைப் பாணுக்கும் பால்மாவுக்கும், பள்ளிக்கூடம் தொடங்கும்போது வாங்க வேண்டிய கொப்பிகளுக்கும் அந்த உறைக்குள்ளேயே காசு இருக்க வேண்டும்.