தாலி கட்டிய நாளிலேயே செத்துப்போகும் காகிதம்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைத்ததும் நம்மவர்கள் செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஊருக்கு போன் போட்டுச் சொல்வது, வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) மறுவிற்பனை வீடு என்ன விலை போகிறது என்று விசாரிப்பது, பெண் பார்க்கச் சொல்வது. அந்த வரிசையில் உயிலுக்கு இடமே கிடையாது. முப்பது வயதில் அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா வாயைக் கழுவச் சொல்வார். என் நண்பனும் அப்படி அலட்சியமாக இருந்தான் என்றால்கூட மனசு ஆறிவிடும். அவன் உயிலும் எழுதியிருந்தான், நாமினியும் போட்டிருந்தான். இரண்டுமே உதவவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பொதுவான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உயில் எழுத 21 வயது ஆகியிருக்க வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் அவர்கள் போட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பங்கு செல்லாது. அதனால் தம்பியையும் மச்சினனையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள். இறந்தவர் சொத்துக்கான வரி இங்கே 2008 பிப்ரவரி 15 முதல் இல்லை. முஸ்லிம் நண்பர்களுக்குப் பங்கீடு ஃபராயிள் என்ற இஸ்லாமிய வாரிசு முறைப்படி, அது தனிக் கணக்கு. நான் கீழே சொல்லும் பாதி, பாதி கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

எல்பிஏ (நிரந்தர அதிகாரப் பத்திரம்) பற்றியும் ஒரு வார்த்தை. நினைவு தவறிப்போனால் நமக்காக யார் முடிவெடுப்பது, யார் பணத்தைக் கையாள்வது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் பத்திரம் அது. மருத்துவர் அல்லது வழக்கறிஞர் ஒருவர் சான்று கொடுக்க வேண்டும். "ஊரில் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேனே" என்பவர்கள் கவனியுங்கள். நம் ஊர்ச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவரின் புத்தி தடுமாறிவிட்டால் அந்தப் பவர் அத்தோடு முடிந்தது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் உதவாது. அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. அவரையே கூட்டிவாருங்கள் என்றார்கள் வங்கியில். கூட்டிப்போனோம். மேலாளரைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார் அப்பா. சிங்கப்பூரில் எல்பிஏ இல்லாமல் இந்த நிலை வந்தால், மனைவியே ஆனாலும் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கித்தான் உங்கள் கணக்கைத் தொட முடியும்.

சரி, இப்போது நண்பன் கதை.

வேலைப் பாஸில் வந்தவன். பிஆர் ஆனதும் சிபிஎஃப் என்ற கட்டாய மத்திய சேமநிதிக் கணக்கு தொடங்கியது. (வெறும் பாஸில் இருக்கும்வரை நமக்கு சிபிஎஃப் கிடையாது.) அப்பா இல்லாத வீடு, அம்மாதான் எல்லாம். அதனால் முதல் வேலையாக நாமினிப் படிவத்தில் அம்மா பெயரை நூறு சதவீதத்துக்கும் எழுதினான். அதன் நகலை மன்னார்குடிக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தான். அவர் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டுப்புடவைகளுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்தார். இரண்டு வருடம் கழித்து ஊரிலேயே கல்யாணம். நானும் போயிருந்தேன், நல்ல சாப்பாடு.

அவன் தாலி கட்டிய அந்த நிமிடத்தில், டிரங்குப் பெட்டிக்குள் இருந்த காகிதம் செத்துவிட்டது.

சட்டம் அதுதான். சிபிஎஃப் நாமினியைத் திருமணம் ரத்து செய்துவிடும். கல்யாணம் சிங்கப்பூரில் நடந்ததா மன்னார்குடியில் நடந்ததா என்பதெல்லாம் கணக்கில்லை. இதில் வேடிக்கை, விவாகரத்து ரத்து செய்யாது. பிரிந்துபோன மனைவியின் பெயர் நாமினியில் இருந்தால், நீங்கள் மாற்றும்வரை அப்படியே இருக்கும். உயிலுக்கும் இங்கே இதே கதிதான்: கல்யாணத்துக்கு முன் எழுதியது, அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்தே எழுதியதாக இல்லாவிட்டால், கல்யாணத்தோடு போய்விடும். நம் ஊரில் இந்துக்கள் எழுதும் உயிலைக் கல்யாணம் ஒன்றும் செய்யாது. அந்தப் பழக்கத்தில்தான் நமக்கு இது தோன்றுவதே இல்லை.

பிறகு குடியுரிமை வாங்கினான், பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்ததும் பொறுப்பு வந்து, இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை வைத்து அவனே உயில் எழுதினான். சாட்சி, கையெழுத்து எல்லாம் சுத்தம். "என் சிபிஎஃப் பணத்தில் பாதி என் தாயாருக்கு" என்று அதில் ஒரு வரி. படித்துக் காட்டினான், நானும் தலையாட்டினேன். சிபிஎஃப் பணம் உயிலுக்குள் வராது என்பது அவனுக்கும் தெரியவில்லை, தலையாட்டிய எனக்கும் தெரியவில்லை.

நாற்பத்தோரு வயதில் மாரடைப்பு. காலையில் மெதுவோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை.

செல்லும்படியான நாமினி இல்லாததால் சிபிஎஃப் பணம் பொது அறங்காவலர் என்ற அரசு அதிகாரியிடம் போனது. அவர் பின்பற்றுவது, உயில் இல்லாதவர் சொத்துக்கு இங்கே சட்டம் வைத்திருக்கும் கணக்கு: மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோருக்கு ஒரு வெள்ளிகூடக் கிடையாது. பிள்ளைகள் இல்லாவிட்டால்தான் பெற்றோருக்குப் பாதி. நம் ஊர் வாரிசு சான்றிதழில் மனைவி, பிள்ளைகள், அம்மா என்று மூன்று பேரும் ஒரே தாளில் வருவார்கள் இல்லையா? இந்து வாரிசுச் சட்டத்தில் மகன் சொத்தில் தாய்க்கும் முதல் வரிசையிலேயே பங்கு. அதை நம்பிக்கொண்டு இங்கே இருக்க முடியாது. குழந்தையின் பாதி அவள் உரிய வயதுக்கு வரும்வரை அறங்காவலரிடம் இருக்கும்.

வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டு உரிமையாக இருந்தது. கூட்டு உரிமை என்றால் ஒருவர் போனதும் மற்றவருக்குத் தானாகப் போகும், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. முழுச் சந்தா விகிதத்தில், 55 வயதுவரை சம்பளத்தில் நம் பங்கு 20 சதவீதம், முதலாளி பங்கு 17 சதவீதம் சிபிஎஃப்பில் சேர்கிறது. நமக்கென்று இருக்கும் பெரிய தொகை பெரும்பாலும் அங்கேதான். ஆக அவன் அவ்வளவு அக்கறையாக எழுதிய உயில் தொட முடிந்தது ஒரே ஒரு சேமிப்புக் கணக்கை. அதில் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணம்தான் இருந்தது.

அம்மாவிடம் இதை போனில் நான்தான் சொன்னேன். "என்னைத்தானே எழுதிவெச்சிருக்கேன்னு சொன்னான், தம்பி. காயிதம் எங்கிட்ட இருக்கே" என்றார். அவர் பணத்துக்காகக் கேட்கவில்லை. மருமகள் நல்ல பெண், மாதம் தவறாமல் அனுப்புகிறாள். ஆனாலும் மகன் பேச்சு பொய்யாகிவிட்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதை நான் எப்படித் தீர்ப்பது?

ஊரில் நாமினி என்றால் பெரும்பாலும் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான். இங்கே சிபிஎஃப் நாமினிக்கு அந்தப் பணம் சொந்தம். அதனால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை யோசித்தே போடுங்கள். சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கில் நுழைந்தால் சில நிமிட வேலை. நாமினியாக இல்லாத, 21 வயது தாண்டிய இரண்டு சாட்சிகள் வேண்டும். செலவில்லை. சிபிஎஃப் வழியாக வரும், குடும்பத்தினருக்கான டிபிஎஸ் ஆயுள் காப்பீட்டுக்கு இந்த நாமினி பொருந்தாது, அதற்குத் தனியாகப் போட வேண்டும்.

காரியம் முடிந்து திரும்பிய இரவே என் கணக்கைத் திறந்து பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். நாமினி இல்லை என்றிருந்தது. மறுநாள் மதியம் அலுவலக நண்பர்கள் இருவரைச் சாட்சிக்குப் பிடித்தேன். ஒருவர் "இப்பவே எதுக்கு ப்ரோ?" என்றார். காரணம் சொன்னதும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

ஊரில் வீடோ நிலமோ இருப்பவர்கள் அதற்குத் தனி உயில் எழுதினால் சௌகரியம். அங்கே எழுதும்போது "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று ஒரு வரியை வழக்கமாகச் சேர்ப்பார்கள். அப்படியே கையெழுத்துப் போட்டால் சிங்கப்பூர் உயிலும் சேர்ந்து போய்விடும். "இந்தியச் சொத்துகளைப் பொறுத்தவரை மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காக நான் வக்கீல் குமாஸ்தாவோடு இரண்டு தடவை மல்லுக்கட்டினேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் அடிக்கிறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார் அவர்.