பட்டி மாட்டுக்கும் பட்டா லொறிக்கும் காப்புறுதி: கட்டுப்பணத்தை எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

மாடு ஏற்றும் பட்டாவின் (சின்ன லொறி) காப்புறுதிப் புதுப்பித்தல் கடிதம் வந்ததும் அடியில் இருக்கும் மொத்தத்தைப் பார்த்துவிட்டு, 'முழுக் காப்புறுதி நமக்குக் கட்டாது' என்று மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு (மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும்) இறங்கிவிடுபவர்கள் நம் கிழக்கில் பலர். இறங்குவதற்கு முன் அந்தக் கடிதத்தை மேலிருந்து வரி வரியாக வாசியுங்கள். அடிப்படைக் கட்டுப்பணம் (பிரீமியம்), கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகம், நிர்வாகக் கட்டணம், முத்திரைத் தீர்வை, கடைசியில் பெறுமதி சேர் வரி என்று அது பிரிந்திருக்கும். இவற்றில் நீங்கள் பெரும்பாலும் அசைக்கக்கூடியது அடிப்படைக் கட்டுப்பணம்தான்.

வரியை யாராலும் குறைக்க முடியாது. 2019 டிசம்பரில் 8 வீதத்துக்கு இறங்கிய வற் வரி (பெறுமதி சேர் வரி), 2022 ஜூனில் 12 ஆகி, அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக நிற்கிறது. காப்புறுதி நிறுவனம் தன் வீதத்தை ஒரு சதமும் கூட்டாவிட்டாலும், முன்பு 1,000 ரூபாவுக்கு வரியோடு 1,080 ரூபாவாக இருந்தது இன்றைக்கு 1,180 ரூபா.

கட்டுப்பணத்தை உண்மையில் ஏற்றியது வாகனத்தின் பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. பழைய லொறியும் உதிரிப்பாகமும் ஒன்றாக விலை ஏறின. கட்டுப்பணம் என்பது காப்புறுதித் தொகையில் ஒரு வீதம் என்பதால் அதுவும் கூடவே ஏறியது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகு சந்தை விலை அசைந்துகொண்டிருக்கிறது, ஆனால் கடிதத்தில் போன வருடத் தொகையே திரும்ப அச்சாகி வரும். அதைத் திருத்தச் சொல்லாதது உங்கள் தவறு.

திருத்தும்போது இரண்டு பக்கமும் அடி விழும். பெறுமதியைக் கூட்டிப் போட்டால் கட்டுப்பணம்தான் கூடும். வாகனம் முற்றாக நாசமானால் விபத்து நாளின் சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கிடைக்காது. குறைத்துப் போட்டால், போட்ட விகிதத்துக்கே நட்டஈடு தரும் சராசரி விதி வந்து நிற்கும். கணக்குக்கு ஒரு பட்டாவை எடுப்போம். சந்தை விலை 24 இலட்சம், நீங்கள் போட்டது 16 இலட்சம். மோதி 3 இலட்சத்துக்குத் திருத்த வேலை வருகிறது. 24இல் 16 என்றால் மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே கிடைப்பது 2 இலட்சம். அதிலும் ஒவ்வொரு நட்டஈட்டிலும் நீங்களே ஏற்கவேண்டிய முதல் தொகை கழியும். இந்த விதி எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் 10, 20 வீதம் வரை குறைவாகப் போட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும் மாதத்தில் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாகன விற்பனை செய்யும் இரண்டு இடங்களில் அதே ஆண்டு, அதே மாதிரி வண்டிக்கு விலை கேட்டு, நடுவில் ஒரு தொகையைப் போட்டால் போதும்.

அடுத்தது பாவனை வகை. நட்டஈடு மறுக்கப்படும் லொறிக் கதைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. 'சொந்தப் பொருள் ஏற்ற' என்று பதிந்தால் கட்டுப்பணம் குறைவு, 'வாடகைக்கு' என்றால் கூட. உங்கள் பட்டி மாட்டை மட்டும் ஏற்றினால் முதலாவது சரி. பக்கத்துப் பட்டிக்காரரின் இரண்டு நாம்பனைக் காசு வாங்கிக்கொண்டு செங்கலடிக்குக் கொண்டுபோனால் அது வாடகை. விபத்து நடந்த இடத்தில் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி 'மாடு யாருடையது?' என்பதுதான். மாட்டின் சுட்ட குறியும் மாட்டுச் சீட்டும் (உரிமையைக் காட்டும் பத்திரம்) உங்கள் பெயரில் இல்லாவிட்டால் அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. வருடத்தில் நாலு தடவை வாடகைக்கு ஓடினாலும் வாடகை வகையிலேயே போடுங்கள். இந்த வித்தியாசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பக்கத்தில் உயரக் கூண்டு அடித்திருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். கோண இரும்பால் செய்த கூண்டு 80 கிலோ வரை வரும், வண்டியின் ஈர்ப்பு மையத்தையும் மேலே தூக்கிவிடும். அறிவிக்காத மாற்றம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அது ஒன்றே போதும். சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். பட்டாவுக்கு பி வகுப்பு போதும். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் கன்ரர் லொறி என்றால் சி1 வேண்டும்.

மேலதிகக் காப்புகளில் நம் பக்கத்தில் வெட்டக்கூடாதவை மூன்று. முதலாவது வெள்ளம். புலிபாய்ந்தகல், மண்டூர் – வெல்லாவெளி வீதிகள் மாரியில் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கொன்றொட் (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளைந்துவிடும். 'வெள்ளத்தால் வந்த சேதமல்ல, நீங்கள் இயக்கியதால் வந்தது' என்று இயந்திரத்தின் செலவை மறுப்பார்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது யானை. புணானை, வெலிகந்தைப் பக்கமும் மகாஓயா வீதியும் ஓடுபவர்கள், 'காட்டு விலங்கு மோதியது, தாக்கியது இரண்டும் அடங்குமா' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, வண்டியில் போகும் உதவியாள். பின்னால் மாட்டோடு நிற்பவருக்குச் சாதாரணப் பத்திரத்தில் காப்பு இருக்காது. பெயரையோ ஆட்களின் எண்ணிக்கையையோ போட்டுச் சேர்க்க வேண்டும்.

குறைக்க வேண்டிய இடம் நீங்கள் ஏற்கும் முதல் தொகை. 10,000 ரூபாயை 25,000 ஆக்கினால் கட்டுப்பணம் எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். சின்னச் சின்னக் கீறலுக்கு நட்டஈடு கேட்பது எப்படியும் நட்டம். உரிமை கோராக் கழிவு (நட்டஈடு கேட்காத வருடத்துக்குத் தரும் தள்ளுபடி) 30 வீதம், முழுக் கட்டுப்பணம் 60,000 என்று வைத்தால், ஒரு 12,000 ரூபாய்ப் பம்பர் வேலைக்குக் கேட்டதால் அடுத்த வருடம் 18,000 ரூபாய்க் கழிவு போய்விடும். நிறுவனம் மாறும்போது அந்தக் கழிவுக்கான கடிதத்தைப் பழைய இடத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு மாதம் முன்பே மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் பேரம் பேச இடமில்லை. காப்புறுதி ஒரு நாள் விட்டுப்போனாலும் மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த வண்டி வீதியில் ஓடவே கூடாது.

இனி மாடு. லொறிப் பத்திரம் லொறிக்குத்தான். உள்ளே நிற்கும் மாட்டுக்கு அதில் ஒன்றுமில்லை. 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை கால்நடைக்கும் காப்புறுதி தருகிறது, தனியார் நிறுவனங்களும் தருகின்றன. கேட்க வேண்டியது: ஏற்றிப் போகும்போது சாவது அடங்குமா, இல்லாவிட்டால் ஒரு பயணத்துக்கு மட்டும் எடுக்கலாமா?

இங்கே மாடு ஒரு இடத்தில் நிற்பதில்லை. மாரி வெள்ளாமை விதைத்ததும் படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) பட்டிகள் மயிலத்தமடு, மாதவணைப் பக்கமும், அக்கரைப்பற்று, திருக்கோவில் பட்டிகள் வட்டமடுப் பக்கமும் ஏறும். வெட்டு முடிந்ததும் இறங்கும். படிவத்தில் 'மாடு இருக்கும் இடம்' என்ற கட்டத்தில் வீட்டு முகவரியை மட்டும் எழுதிவிட்டு, மேய்ச்சல் தரையில் செத்த மாட்டுக்கு நட்டஈடு கேட்டால் பதில் என்னவாக இருக்கும்? இரண்டு இடத்தையும், எந்த மாதம் எங்கே என்பதையும் எழுதுங்கள். கட்டம் சிறிதென்றால் தனித்தாளில் எழுதி ஒட்டி, பிரதியில் முத்திரை வாங்குங்கள். காணாமற்போன மாடு பெரும்பாலும் அடங்காது என்பதையும் அறிந்திருங்கள். 'களவு' என்று அடங்கினாலும் பொலிஸ் முறைப்பாடு உடனே வேண்டும்.

காதில் குத்தும் இலக்கத் தகடுதான் மாட்டின் அடையாள அட்டை. சுட்ட குறி உரிமையாளரைக் காட்டும், எந்த மாடு என்று காட்டாது. பற்றைக்குள் மேயும் மாடு தகட்டைப் பிய்த்துக்கொண்டு வருவது வழமை. தகடு விழுந்ததைக் கண்ட அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் காப்புறுதிக்கும் சொல்லிப் புது இலக்கம் ஏற்றுங்கள். செத்த பிறகு சொன்னால் எடுபடாது. பதியும்போதே இரண்டு பக்கமும், முகமும், தகட்டு இலக்கம் வாசிக்கக்கூடிய கிட்டப்படமும் எடுத்து வையுங்கள்.

தடுப்பூசி அட்டை இல்லாமல் நோய்ச் சாவுக்குப் பணம் எதிர்பார்க்க வேண்டாம். கால்-வாய் நோய்க்கு (கோமாரி) ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தொண்டையடைப்பானுக்கு வருடம் ஒருமுறை. தொண்டையடைப்பான் ஊசியை மழை தொடங்கமுன் செப்டெம்பரிலேயே போட வேண்டும், ஏனென்றால் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று கிழமை எடுக்கும். காப்புறுதியிலும் ஆரம்பக் காத்திருப்புக் காலம் இருக்கும், அதற்குள் நோயால் செத்தால் கிடையாது. ஆகவே ஊசியும் பத்திரமும் இரண்டுமே மழைக்கு முன் முடிந்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டௌஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் விறைத்துச் செத்தன. 'இயற்கை அனர்த்தம்' என்ற சொல்லுக்குள் குளிரும் அடங்குமா என்று அதற்குப் பிறகும் கேட்காமல் கையெழுத்து வைப்பது சரியல்ல.

கட்டுப்பணம் தாங்காவிட்டால் பெறுமதியைத் தாறுமாறாக வெட்டாமல், கறவையில் நிற்கும் கலப்பின மாட்டையும் முறா எருமையையும் முழுப் பெறுமதிக்குப் போட்டு, கிழட்டு மாட்டை விடலாம். சில நிறுவனங்கள் 'போட்டால் பட்டி முழுவதும்' என்று நிற்கும். அப்போது பாற்பண்ணையாளர் சங்கம் வழியாகக் கூட்டாகப் போய்ப் பேசுவது தனியே பேசுவதைவிட எடுபடும்.

ஏற்றுவதில் வரும் பிழை மாட்டையும் கொல்கிறது, நட்டஈட்டையும் கெடுக்கிறது. பட்டாவின் பெட்டி ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், தாங்கும் பாரம் முக்கால் தொன் அளவு. ஒரு நாட்டுப் பசு 225 கிலோ என்றால் மூன்று 675. கூண்டு 80, உதவியாள் 60. மொத்தம் 815, பாரம் தாண்டிவிட்டது. ஆகவே இரண்டு பசுவும் ஒரு கன்றும்தான் கணக்கு. 'மூன்றும் நிற்குதுதானே' என்று ஏற்றினால் வளைவில் மூன்றும் ஒரே பக்கம் சாயும், வண்டியும் சாயும். அதிக பாரம் என்று அறிக்கையில் எழுதப்பட்டால் லொறிக்கும் மாட்டுக்கும் சேர்த்தே மறுப்பு வரும்.

இரும்புத் தட்டில் சாணியும் மூத்திரமும் பட்டால் வழுக்கும். இரண்டு அங்குலத்துக்கு ஈர மணல் போட்டு மேலே வைக்கோல் பரப்புங்கள். விழுந்த மாடு எழும்ப முடியாமல் மற்றதன் காலில் மிதிபட்டு, வயிறு ஊதியே செத்துப்போகும். ஏற்றும் பலகை மூன்றடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரக் கூடாது, குறுக்கே சட்டம் அடித்திருக்க வேண்டும். தலை முன்பக்கம், கயிறு கொம்பிலோ கழுத்திலோ இருக்கட்டும், மூக்கணாங்கயிற்றில் கட்ட வேண்டாம். கயிற்றின் நீளம், தலையை ஆட்டலாம் ஆனால் முன்னங்கால் தாண்டாது என்ற அளவுக்கு. இழுத்தால் அவிழும் முடிச்சே போடுங்கள். காலை வெயிலுக்கு முன் புறப்பட்டு, ஐந்து கிலோமீற்றரில் ஒரு தடவை நிறுத்தி எல்லாம் நிற்கிறதா என்று பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மாட்டுச் சீட்டு, கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்று, பிரதேச செயலகத்தின் போக்குவரத்து அனுமதி. அனுமதியில் உள்ள எண்ணிக்கை, வழி, நேரம் மூன்றும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு கன்று கூடினாலும் அது சட்டவிரோத ஏற்றம், சட்டவிரோத ஏற்றத்துக்குக் காப்புறுதி இல்லை.

மாடு செத்தால் முதலில் காப்புறுதிக்குத் தொலைபேசி. எடுத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறியுங்கள். பிறகு வைத்தியர். நம் வெயிலில் ஐந்தாறு மணித்தியாலத்தில் உடல் ஊதிவிடும், அதற்குப் பிறகு பிரேத பரிசோதனையில் காரணம் சொல்வது கடினம். நிழலுக்கு இழுத்து, ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். வைத்தியர் பார்க்குமுன் தகட்டைக் கழற்றவோ, காதை அறுக்கவோ, புதைக்கவோ வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் மரணச் சான்றும் படங்களும் ஒரே கோவையில் போகட்டும், எல்லாவற்றிலும் தகட்டு இலக்கம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு இலக்கம் மாறினாலும் கோவை திரும்பி வரும்.

மறுப்பை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் என்று இலக்கத்தோடு கடிதம் கேளுங்கள். அதை வைத்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, அங்கும் சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாட்டை விசாரிப்பவர்) போகலாம். அங்கே போகும்போது பத்திரத்தின் முழுப் பிரதி வேண்டும். அட்டையையும் பற்றுச்சீட்டையும் மட்டும் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கிளையில் கேட்டு அதை வாங்கி வையுங்கள்.