ஓர்கிட் போத்தலில் கடற்பாசிச் சாறு: கை தவறும் இடங்கள்

கடற்பாசிச் சாறு வாங்கினால் லேபிளில் ஓர் அளவு இருக்கும். அது இலைக்குத் தெளிக்கும் அளவு. லீக்ஸ் பாத்திக்குக் கலக்கும் அதே கணக்கில், ஓர்கிட் நாற்றைக் கிருமி படாமல் போத்தலுக்குள் வளர்க்கும் வளர்ப்பூடகத்திலும் ஊற்றிவிடுகிறோம். பாத்தியில் தெளித்ததை நுவரெலியா மழை கழுவிவிடும். போத்தலுக்குள் விட்டது மாதக்கணக்கில் வேரோடு கிடக்கும். லீற்றருக்கு அரை மில்லிலீற்றரில் தொடங்குங்கள்.

அடுத்தது பிஎச், அதாவது அமில, கார அளவு. இதில் நானே ஒரு தொகுதி நாற்றைக் கெடுத்திருக்கிறேன். ஊடகத்தை 5.6க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைசியில் சாற்றை விட்டேன். பல சாறுகள் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் காய்ச்சி எடுக்கப்படுவதால் நல்ல காரத்தன்மை உள்ளவை. பிஎச் ஏறியது, இரும்புச்சத்து கிடைக்காமல் குருத்து மஞ்சளித்தது. பழியைச் சாற்றின் மேல் போட்டேன்! எல்லாவற்றையும் கலந்த பிறகு, ஊடகத்தை உறைய வைக்கும் அகர் போடுவதற்கு முன் அளப்பதே முறை. (அந்த அகரும் கடற்பாசியிலிருந்து வருவதுதான்.)

சாற்றில் இயற்கையாகவே சைற்றோகைனின், ஒட்சின் போன்ற வளர்ச்சிப் பொருட்கள் சிறிதளவு உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் பிஏபியையும் (செயற்கைச் சைற்றோகைனின்) வழக்கமான அளவில் சேர்த்தால் குருத்து கொத்துக் கொத்தாக வெடிக்கும், வேர் வராது. அதற்காகச் சாற்றையே உணவாக நினைத்துச் சீனியையும் உப்புக்களையும் குறைப்பதும் பிழை. இது தூண்டிதான், சாப்பாடு அல்ல.

மலையில் இருப்பவர்கள் கவனிக்காத ஒன்று, ஊடகத்தை அவித்துக் கிருமி நீக்கும் பிரஷர் குக்கர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். இங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில் கொழும்பில் 121 பாகை வரும். இங்கே 118 அளவில்தான் நிற்கும். மூன்று பாகைதானே என்று விடக்கூடாது, கிருமி சாக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கொழும்பில் 15 நிமிடம் என்றால் இங்கே 30. சாறு சேர்த்த ஊடகத்தில் இது இன்னும் முக்கியம், திறந்து வைத்த சாற்றுப் போத்தலில் கிருமி சும்மா இருக்காது. சாற்றை ஊடகத்தோடு சேர்த்தே அவித்துவிடுங்கள்.

அப்புறம், சாறு சேர்க்காத போத்தல்கள் சிலவற்றை அதே தட்டில் வையுங்கள். தொகுதிக்குத் தொகுதி சாறு மாறும், புதுச் சாற்றுப் போத்தல் திறக்கும்போதெல்லாம் இந்த ஒப்பீடு தேவை. நாற்று கொழுகொழுவென்று வந்ததற்குக் காரணம் சாறா, அந்த மாதத்து வெயிலா என்று வேறெப்படித் தெரியும்?