பார்த்தது சரி, புரிந்துகொண்டதில்தான் தப்பு

அபூர்வமாக நடப்பதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்திப்பூவை மரத்தில் வெளிப்படையாக யாரும் கண்டதில்லை என்பது சரிதான். அதனால் அத்தி பூப்பதே இல்லை என்று நினைப்பதில்தான் தவறு. தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியில் ஒரு பச்சைக்காயைப் பறித்து, வடியும் பாலைத் துடைத்துவிட்டு, நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்சுவர் முழுக்க நெருக்கியடித்து நிற்பவை அத்தனையும் பூக்கள்! காய் என்று நாம் சொல்வது, பூக்களை உள்ளே வைத்து மூடிய பை. அதன் நுனியில், செதில்கள் அடைத்த சின்னத் துளை ஒன்று இருக்கும். எறும்பைவிடச் சிறிய பெண் குளவி மகரந்தத்தோடு அதற்குள் நெருக்கிப் புகுகிறது. புகும்போதே பெரும்பாலும் சிறகு முறிந்துவிடும். பூக்களில் மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். குஞ்சுகள் வளர்ந்ததும் சிறகில்லாத ஆண்கள் சுவரைக் குடைந்து வழி செய்ய, பெண்கள் வேறு காய் தேடிப் பறக்கும். 'புட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று தூக்கி எறிகிறோமே, அதில் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். ஆலும் அரசும் பூப்பது இப்படித்தான்.

குயில் விஷயத்தில் பாட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். கோடையில் விடியுமுன் 'கூ... கூ...' என்று சுருதி ஏற்றிக்கொண்டே போவது, கறுப்பு உடலும் சிவப்புக் கண்ணுமாக இருக்கும் ஆண். பெண்ணோ பழுப்பு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. 'கிக் கிக் கிக்' என்று கத்தும், அவ்வளவுதான். குரல் இனிமையாக இருக்கிறது என்பதற்காகப் பெண் என்று முடிவு செய்யாதீர்கள், மரத்தடியில் கொஞ்சம் காத்திருந்து நிறத்தைப் பாருங்கள்.

சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன என்று ஊரே கூடி நிற்கும். மேலே துணி போட்டால் அதிர்ஷ்டம் என்று நம்பி, யாராவது வேட்டியை விரிக்கவும் கிளம்பிவிடுவார். இரண்டும் வெவ்வேறு இனம், அவை இணை சேர்வதில்லை. அப்படி முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. வேட்டியை மடித்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

ஓணானின் கழுத்து சிவந்தால் நம் ரத்தத்தை உறிஞ்சிவிட்டது என்று சின்ன வயதில் கல்லெடுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பூசிக்கொள்ளும் நிறம் அது. அதன் சாப்பாடு பெரும்பாலும் பூச்சிதான். அப்புறம், நிறம் மாறுவதால் மட்டும் அது பச்சோந்தி ஆகிவிடாது. பச்சோந்தியின் வால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். ஓணானின் வாலுக்கு அது முடியாது.

கடைசியாக, மாமரத்துப் பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதை நோய் என்று கத்தியால் சுரண்டுவது. அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். சமையலை வெயிலில் பாசி பார்த்துக்கொள்ளும், மரத்திடம் உணவு கேட்காது. பிரியாணியில் போடும் கல்பாசியும் இந்த வகைதான். சுரண்டினால் காயம் படுவது மரத்தின் பட்டைக்குத்தான்.